கேள்வித்தாளில் கையெழுத்துப் போடும் முன்

முதுகலை ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மாணவர்கள் ஆய்வுக்காகக் கேள்வித்தாள் கொடுத்துத் திரட்டி வரும் தரவுகளை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி அட்டவணை போட்டுக் கொடுப்பது என் வேலை. போன மாதம் ஒரு மாணவி தன் நான்காம் அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். மணமாகாதவர் 1, மணமானவர் 2, துணையை இழந்தவர் 3, பிரிந்து வாழ்பவர் 4 என்று குறியீடு கொடுத்து, 'திருமண நிலை: சராசரி 1.87' என்று அட்டவணையில் எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில் வழிகாட்டியின் கையெழுத்தும் இருந்தது. இதே குறியீட்டைத் தலைகீழாக 4, 3, 2, 1 என்று கொடுத்துப் பாருங்கள், சராசரி 3.13 ஆகிவிடும். ஆனால் பதில் சொன்னவர்கள் அதே ஆட்கள்தானே?

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. நாமினல் (வெறும் பெயர்), ஆர்டினல் (வரிசை), இன்டர்வல் (சம இடைவெளி), ரேஷியோ (உண்மையான பூஜ்ஜியம் உள்ளது) என்று நான்கு அளவைகளையும் விளக்கத்தோடு பிழையில்லாமல் சொன்னாள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கான விடையாக மட்டுமே அது அவள் மனதில் இருக்கிறது, தன் கேள்வித்தாளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் காட்டவில்லை. 1946-இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த நான்கையும் பிரித்தபோது கேட்டதே இதைத்தான்: எண்களை எப்படியெல்லாம் மாற்றினாலும் பொருள் கெடாமல் நிற்கும்? வெறும் பெயருக்குப் பதிலாக நிற்கும் எண்ணை எப்படியும் மாற்றலாம், அதனால் அதில் எண்ணிக்கையும், அதிகம் பேர் சொன்ன பதிலான முகடும்தான் எடுக்க முடியும். வரிசை இருந்தால் நடுவில் நிற்கும் மதிப்பான இடைநிலை எடுக்கலாம். வெப்பநிலையில் இடைவெளி சமம் என்பதால் சராசரி சரி, ஆனால் 40 டிகிரி செல்சியஸ் 20-ஐப் போல இரண்டு மடங்கு சூடு கிடையாது, உண்மையான பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் கெல்வினில் பார்த்தால் 313-க்கும் 293-க்கும் உள்ள வித்தியாசம் ஏழு சதவீதம்கூட இல்லை.

எனக்கு அதிகம் வலிக்கிற இடம் வயது. 18-25, 26-35 என்று கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்கிறார்கள். வயதை ஆண்டுகளிலேயே கேட்டிருந்தால் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். கட்டத்தில் டிக் வாங்கிய பிறகு, எதிரே உட்கார்ந்து பதில் சொன்ன அந்த அம்மாவுக்கு 26 வயதா 35 வயதா என்று எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது. இருநூறு பேரை வெயிலில் அலைந்து சந்தித்துவிட்டு வந்த பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஒவ்வொரு கூற்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்கும் லைக்கர்ட் அளவுகோலில் பல கூற்றுகளைக் கூட்டி மொத்த மதிப்பெண்ணுக்குச் சராசரி எடுப்பது பரவலான வழக்கம், அதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, அதை இங்கே கிளற வரவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். கேள்வித்தாளை அனுமதிக்கும் முன், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எந்த அளவை, அதை வைத்து எந்தக் கணக்கு போடப்போகிறாய் என்று மாணவரையே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அரை மணி நேரம் ஆகும்.