பொருள்: செயலிழந்து வந்த காண்ட்ராய்டினேஸ் ஏபிசி நொதிக்கு மாற்றுக் குப்பி கோருதல்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். குருத்தெலும்பில் உள்ள காண்ட்ராய்டின் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியை வெட்டுவதற்காகப் போன வாரம் நீங்கள் அனுப்பிய காண்ட்ராய்டினேஸ் ஏபிசி நொதி வேலை செய்யவில்லை. மின்னஞ்சலில் சொன்னதற்கு, "உங்கள் திசு மாதிரியில் நொதியைத் தடுக்கும் ஏதோ இருக்கலாம்" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அந்த ஒற்றை வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெட்டியைத் திறந்தபோதே சந்தேகம் வந்தது. குப்பியில் மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருந்த ஐஸ் பேக் கையில் கொழகொழவென்று நழுவியது. லேபிள் ஊறி, லாட் எண்ணின் கடைசி இலக்கம் பாதி அழிந்திருந்தது. சூடு தாங்காத நொதி இது. சரி, பார்ப்போம் என்று வேலையைத் தொடங்கினேன்.

குருத்தெலும்பை, புரதத்தைச் சிதைக்கும் பப்பைன் நொதியில் 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்துக் கரைத்தேன். பப்பைன் மிச்சமிருந்தால் உங்கள் நொதியையே தின்றுவிடும் என்பதால் கொதிக்கவைத்து அதை முடக்கினேன். அப்புறம்தான் உங்கள் நொதியைச் சேர்த்து, பிஹெச் 8 பஃபரில், 37 டிகிரியில் வைத்தேன். காண்ட்ராய்டின் சல்பேட் சங்கிலி அறுந்திருந்தால், இந்தச் சங்கிலிகளோடு சேர்ந்தால் ஊதாவாகும் டிஎம்எம்பி என்ற நீலச் சாயத்தை விட்டதும் ஊதா வெகுவாகக் குறைந்து நீலத்துக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் நொதி வெட்டாத கெரட்டான் சல்பேட் என்ற வேறொரு சங்கிலியால் கொஞ்சம் ஊதா மிஞ்சும், அது எனக்கும் தெரியும். ஆனால் நொதி சேர்த்த குழாயையும் சேர்க்காத குழாயையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்றே தெரியவில்லை.

திசுதான் குற்றவாளி என்கிறீர்களே, திசுவே இல்லாமலும் பார்த்துவிட்டேன். கடையில் வாங்கிய தூய காண்ட்ராய்டின் சல்பேட், அதே பஃபர், அவ்வளவுதான். இந்த நொதி வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டாகும். அது 232 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். எங்கள் பழைய குப்பியில் மிச்சமிருந்ததைச் சேர்த்தவுடனே, அந்த உறிஞ்சலைக் காட்டும் வரைபடக் கோடு விறுவிறுவென ஏறியது. உங்கள் புதுக் குப்பியில் அரை மணி நேரமும் கோடு படுத்தே கிடந்தது. இதில் எந்தத் திசு வந்து தடுத்தது?

வீணான குருத்தெலும்புச் சாறு திரும்பி வராது. அதற்கு நஷ்டஈடு கேட்கவில்லை. உலர்பனியில் வைத்து மாற்றுக் குப்பி அனுப்புங்கள். கூடவே, இந்த லாட் உங்களிடமிருந்து கிளம்பும்முன் செய்த செயல்திறன் சோதனையின் பதிவும் வேண்டும். இரண்டு வரைபடங்களையும் நனைந்த லேபிளின் படத்தையும் இணைத்திருக்கிறேன். மிச்ச நொதி ஃப்ரீசரில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன், நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்