முதலில் அசைன்மென்டைத் திருத்திக் கொடுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜூலை சேர்க்கை வந்துவிட்டால் தொலைநிலைக் கல்வி விளம்பரங்களில் நேரலை வகுப்பு, செயலி, செயற்கை நுண்ணறிவு எல்லாம் அணிவகுக்கும். தொழில்நுட்பம் வேண்டாம் என்பதல்ல எங்கள் கருத்து. அதை எந்த இடத்தில் முதலில் வைப்பது என்பதில்தான் பிசகு. வீட்டிலிருந்து படிக்கும் மாணவர் எழுத, ஆசிரியர் பதில் சொல்ல இருக்கும் முக்கிய வழி அசைன்மென்ட். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள் இத்தகைய தொடர் மதிப்பீட்டுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தர இடம் கொடுக்கின்றன. நடைமுறையிலோ, எழுதி அனுப்பினால் எண் ஒன்று திரும்பி வருவதோடு பல இடங்களில் கதை முடிந்துவிடுகிறது.

தாள் போய்ச் சேர்வதே பெரும்பாடு. கையால் எழுதிய பக்கத்தை போன் கேமராவில் எடுத்தால் ஒவ்வொன்றும் 3 முதல் 5 எம்.பி. வரும். 12 பக்கம் சேர்ந்தால் 50 எம்.பி.யைத் தொடும். தளம் 10 எம்.பி.தான் ஏற்கும் என்றால் அங்கேயே நின்றுவிடும். ஏற்றாலும், பாதியில் சிக்னல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாணவர்கள் ஸ்கேன் செயலியில் கறுப்பு-வெள்ளை முறையில் எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 200 கே.பி.க்குள் அடங்கும். பென்சில் கோடுகள் அதில் மறைந்துபோகும் என்பதால் வரைபடப் பக்கங்களை மட்டும் சாம்பல் நிற முறையில் எடுக்கச் சொல்ல வேண்டும். கோப்பைத் துண்டு துண்டாக வாங்கி, அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதியைத் தளத்தில் வைப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. இதற்கான திறமூல மென்பொருள் செலவில்லாமலே கிடைக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே கடைசி நாளை அறிவித்துவிட்டு, அன்றிரவு சர்வர் படுத்துவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை. பாடத்துக்குப் பாடம் மூன்று நாள் இடைவெளி விடலாமே.

அடுத்தது திருத்தம். நூற்றுக்கணக்கான தாள்களில் ஒவ்வொன்றிலும் பத்தி பத்தியாக எழுத எந்த ஆசிரியராலும் முடியாது. ஆனால் ஒரே கேள்விக்கு வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் 30 தாள்களைப் பார்த்ததும் அவற்றைப் பத்துப் பதினைந்து குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த தாள்களில் உரிய குறிப்பைத் தட்டிச் சேர்த்து, அந்த மாணவருக்கென்று ஒரு வரி கூட்டினால் போதும். பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடுல் என்ற மென்பொருளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது; தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்பவர்கள் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பலாம், சுருக்கிய வடிவத்தில் அரை எம்.பி.கூட ஆகாது. எதுவானாலும் பருவத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது கைக்கு வர வேண்டும். தேர்வு முடிந்தபின் வரும் திருத்தம் யாருக்கு? 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தொலைக்காட்சிப் பாடங்களால் பெயர் பெற்றபோதும், ஆசிரியர் திருத்தித் தரும் அசைன்மென்டை முதுகெலும்பாக வைத்துக்கொண்டது.

முதல் அசைன்மென்டையே அனுப்பாத மாணவர் படிப்பை விடும் நிலையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலைக் கணினி ஒரு நொடியில் தரும்; அழைத்துப் பேச வேண்டியது கற்போர் உதவி மையத்தில் இருக்கும் மனிதர். இங்கேதான் யாரும் எதிர்பாராத சிக்கல் ஒன்று உண்டு. நெட் சென்டரில் விண்ணப்பம் நிரப்பும்போது கடைக்காரரின் எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகிவிடுகின்றன. பல்கலைக்கழகம் அனுப்பும் நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போகும். நேரில் வந்து கலந்துகொள்ளும் முதல் தொடர்பு வகுப்பிலேயே மாணவரின் சொந்த போனுக்கு ஓ.டி.பி. அனுப்பி எண்ணை உறுதிசெய்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மறுபடி சரிபார்க்க வேண்டும். குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான் (புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும்), ஆங்கிலத்தில் 160. நீட்டி முழக்கினால் ஒரு செய்தி மூன்றாக உடைந்து செலவும் மும்மடங்காகும். பாடக் குறியீடு, கடைசி நாள், அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றும் போதும். செய்தியின் வாசகத்தைத் தொலைபேசி நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் அது போகவே போகாது என்பதையும் அலுவலகங்கள் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கின்றன.

நேரலை வகுப்பு நடக்கும் ஞாயிறு காலையில் இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். பாடத்தை 15 நிமிட ஒலிப்பதிவுகளாகவும் கொடுங்கள். ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க வடிவத்தில், நொடிக்கு 24 கிலோபிட் அளவில், ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு பதிவு 2.7 எம்.பி.தான், ரீசார்ஜ் தீர்ந்தாலும் போனில் இருக்கும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்துவது கட்டாயம். இவ்வளவு குறைந்த அளவில் இரைச்சலும் பங்கு கேட்பதால் பேச்சின் தெளிவு குறைந்துவிடும். கணக்குப் பதிவியல், புள்ளியியல் பாடங்களுக்கு ஒலி உதவாது. தாளுக்கு மேலே கேமராவை வைத்து, ஒரு கணக்குக்கு ஒரு சிறு காணொலி என்று எடுக்க வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் அச்சான பாடநூல்களை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் செயலியில் ஏற்றுவதும் வீண்வேலை. தேடினால் சொல் கிடைக்காது, பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளும் படிக்காது. ஸ்கேன் செய்த பக்கங்களைக் கணினியே எழுத்தாக்கும்போது ரகரமும் துணைக்காலும் குழம்பும். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும்.

மாணவர் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் உரையாடு செயலியை (சாட்பாட்) அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். பாடநூலின் பக்க எண்ணைச் சொல்லாத பதில் எதையும் அது தரக் கூடாது. தேர்வுக் கட்டணமும் தேதியும் அலுவலக அட்டவணையிலிருந்து அப்படியே வர வேண்டும், அதுவாகக் கோத்துச் சொல்லக் கூடாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் கேள்விகளை வைத்தும் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மாணவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொலைநிலைக் கல்விப் பாடத் தயாரிப்பாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி