செமல்வெய்ஸும் உன் பச்சை நோட்டும்

அன்புள்ள செல்வி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும். முட்டிவலி தேவலை. பேத்திக்கு மொட்டை போட்டாயிற்று.

போன வாரம் லேபர் வார்டில் ஒரு சின்ன டாக்டரிடம், "கை கழுவிட்டு வாங்க சார்" என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று. நம் மேட்ரனம்மா இருந்திருந்தால்! அன்று ராத்திரி தூக்கம் வராமல் செமல்வெய்ஸைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். டிரெய்னிங்கில் ஒரு வரியோடு தாண்டிப்போனோமே, அதே ஹங்கேரிக்காரர்தான்.

1846இல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுக்கு உதவி டாக்டராக வந்தார். அங்கே இரண்டு வார்டு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த முதல் வார்டில் அந்த வருஷம் 100 பேருக்கு 11 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிரசவ ஜன்னியில், அதுதான் பிள்ளை பெற்றபின் வரும் அந்த விஷ ஜுரத்தில். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவதில் 3 பேர்கூட இல்லை. முதல் வார்டு வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டு அழுவார்களாம். படுக்க வைக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தார். சாகக் கிடப்பவர்களைப் பார்க்கப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு போவாரே, அந்தப் பயம்தான் காரணமோ என்று அவர் வழியைக்கூட மாற்றினார். பலனில்லை. மறு வருஷம் அவர் நண்பர் கொலெச்கா, பிணப் பரிசோதனையில் மாணவனின் கத்தி கையில் பட்டு இறந்தார். அவர் உடம்புக்குள்ளும் ஜன்னி கண்ட தாய்மாருக்கு இருந்ததேதான் இருந்தது. பிணவறையிலிருந்து நேரே பிரசவத்துக்கு வந்த கைகள், செல்வி! மே மாதம் குளோரின் தண்ணீரில் கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சொச்சம்.

எனக்கு ஆறவேயில்லை. ஏன் சாகிறார்கள் என்று தினம் காலையில் பிணவறையில் தேடிக்கொண்டிருந்தவரே அவர்தான். தேடிய கையோடு வார்டுக்கு வந்திருக்கிறார். தன்னால் எத்தனை பேர் போனார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும் என்று பிறகு அவரே எழுதினார்.

மேலே இருந்த பேராசிரியர் க்ளைன் செமல்வெய்ஸின் பதவியை நீட்டிக்கவில்லை. 1850இல் செமல்வெய்ஸ் நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் ஹங்கேரியின் பெஸ்ட் நகருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே செயின்ட் ரோக்கஸ் மருத்துவமனையில் 6 வருஷத்தில் 933 பிரசவம், ஜன்னியில் போனது 8 பேர். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு புத்தகம் போட்டது 1861இல்! அதுவரை நண்பர் ஹெப்ரா போன்றவர்கள்தான் அவருக்காக எழுதினார்கள். அப்புறம் எதிர்த்த டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிப் பகிரங்கக் கடிதங்கள். 1865இல் அதே ஹெப்ராதான் அவரை வியன்னாவில் மனநோய் விடுதிக்குள் அழைத்துப்போனார். இரண்டே வாரம். காயம் சீழ்பிடித்து, அதே விஷம் ரத்தத்தில் ஏறிப் போய்ச் சேர்ந்தார். வயசு 47.

உன் பச்சை நோட்டு ஞாபகம் வந்தது. நைட் டியூட்டியில் ஒவ்வொரு பிரசவத்தையும், யாருக்கு எந்த நாள் ஜுரம் வந்தது என்பதையும் குறித்தாயே. "இதை யாருடி படிக்கப் போறா" என்பாய். நான் படிக்கிறேன். பரணில் இருந்தால் இறக்கிவை. பொங்கல் கழித்து வருகிறேன், உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம். செல்லரித்திருந்தால் மட்டும் உடனே சொல்.

உன்,
கமலா