போல்க் ஹாலைக் கடந்து போகும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

அமெரிக்காவின் ராலே நகரில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் வளாகத்தில் போல்க் ஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் போல்க்கின் பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. அது லியோனிடஸ் போல்க் என்ற விவசாயியின் பெயர்.

1837-ல் அதே மாநிலத்தின் ஆன்சன் கவுண்டியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். நிலமும், கூடவே அடிமைகளும் பரம்பரைச் சொத்தாக வந்தன. 23 வயதில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அப்புறம் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர், அதில் தெற்கின் படையில் இருந்து கெட்டிஸ்பர்க் சண்டையில் காயம், 1864-ல் மறுபடி சட்டமன்றம்.

போருக்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். தெற்கத்திய விவசாயி கையில் காசு இல்லை. விதை, உரம், மாவு, பன்றிக்கறி எல்லாம் கடைக்காரரிடம் கடன். முளைக்காத பருத்திதான் அடமானம். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதல் விலை. அறுவடை வந்தால் பருத்தி விலை இறங்கியிருக்கும், கணக்குத் தீராது, அடுத்த வருஷமும் அதே கடைக்காரர். வாங்கிய உர மூட்டையில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. 1877-ல் மாநிலத்தின் முதல் வேளாண் ஆணையரானபோது போல்க் துறையின் முக்கிய வேலைகளில் ஒன்று அந்த மூட்டையைச் சோதிப்பது. விற்கிற ஒவ்வொரு உர வகைக்கும் 500 டாலர் வரி, அந்தப் பணத்தில் துறை நடந்தது, மாதிரிகளைச் சோதிக்க ஒரு வேதியியல் நிலையமும் வந்தது. கடன்பட்டு உரம் வாங்கி, அதுவும் கலப்படமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1886-ல் ‘புரோகிரஸிவ் ஃபார்மர்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதில் எழுதினார்: ரயில் கம்பெனிகள் இவ்வளவு செழித்ததில்லை, ஆனாலும் விவசாயம் நலிகிறது, வங்கிகள் இவ்வளவு லாபம் பார்த்ததில்லை, ஆனாலும் விவசாயம் நலிகிறது. ஒவ்வொரு வரியும் அப்படியே முடியும். படிக்கும்போது நெஞ்சில் அடிப்பது போல இருக்கும்.

உங்கள் பல்கலைக்கழகம் வந்த கதையும் இதே காலத்தில்தான். விவசாயமும் தொழிற்கலையும் கற்றுத்தர 1862-ன் மோரில் சட்டம் கொடுத்த நிதியின் வட்டி, ஆண்டுக்கு 7,500 டாலர், சேப்பல் ஹில் ஊரிலிருந்த மாநிலத்தின் பழைய பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே விவசாயப் படிப்பு பேருக்குத்தான் என்று போல்க் விடாமல் எழுதினார். 1887 ஜனவரியில் விவசாயிகள் ராலேயில் திரண்டார்கள். மார்ச்சில் தனிக் கல்லூரிக்குச் சட்டம் வந்தது. 1889 அக்டோபரில் ஒற்றைக் கட்டடத்தோடு வகுப்புகள் தொடங்கின.

ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. இளங்கலை வகுப்பில் கறுப்பின மாணவர்கள் சேர 1956 ஆயிற்று. போல்க் தேசியத் தலைவராக இருந்த விவசாயிகள் கூட்டணி என்ற சங்கமும் வெள்ளையருக்கு மட்டும்தான்; கறுப்பின விவசாயிகள் தங்களுக்கென்று தனிக் கூட்டணி வைத்திருந்தார்கள். 1891-ல் அவர்கள் தரப்பில் பருத்தி எடுப்பவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் அறிவித்தபோது, நூறு பவுண்டு எடைப் பருத்தி எடுக்க 50 சென்டுக்கு மேல் கூலி கொடுப்பதைவிடப் பருத்தியை வயலிலேயே விட்டுவிடுங்கள் என்று எழுதியது போல்க்கின் அதே பத்திரிகை. கடைக்காரரின் கணக்கு நோட்டை அவ்வளவு துல்லியமாக வாசித்தவருக்குத் தன் வயலில் குனிந்து பருத்தி எடுப்பவரின் கூலிக் கணக்கு தெரியாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்காக அவர் செய்ததை மறைக்கவும் மனம் வரவில்லை.

1892-ல், விவசாயிகளின் குரலாக எழுந்த மக்கள் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக அவரைத்தான் பலர் எதிர்பார்த்தார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஜூன் 11 அன்று வாஷிங்டனில் இறந்தார். ராலேயின் ஓக்வுட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். உங்கள் வளாகத்திலிருந்து சில மைல்தான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து பேராக உட்கார்ந்து 1887 ஏப்ரல் இதழையும், வேலைநிறுத்தம் நடந்த 1891 செப்டம்பர் இதழ்களையும் அடுத்தடுத்து வாசியுங்கள். வாசித்ததைத் தமிழில் எழுதி உங்கள் சங்கத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அங்கே படித்த ஓர் அண்ணன்