கெட்ஸ்பாயாவின் கணக்கு

அன்புள்ள கதிருக்கு,

உன் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒப்புக்கொள்ளும் முன் ஜார்ஜியாவின் தெமூரி கெட்ஸ்பாயாவைக் கொஞ்சம் படி.

உன் வயதுக்காரர்களுக்கு அவர் ஒரு வீடியோ, அவ்வளவுதான்: 1998 ஜனவரியில் போல்டனுக்கு எதிராக இங்கிலாந்து கிளப் நியூகாசிலின் வெற்றி கோலை அடித்து, சட்டையைக் கழற்றி எறிந்து, விளம்பரப் பலகையை உதைத்த மிட்ஃபீல்டர். அந்த ஆவேசக்காரர்தான் பிறகு கோல் கணக்கில் கறாரான கோச் ஆனார்.

1974-இல் சொந்த ஊரான ஃபமகுஸ்தாவை இழந்து லார்னகாவில் குடியேறிய சைப்ரஸ் கிளப் அனோர்தோசிஸ். அங்கே 2004-இல் ஆடிக்கொண்டே பயிற்சியாளரானார். மறு வருடம் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில் (ஆளுக்கொரு ஊரில் இரண்டு ஆட்டம், அதாவது இரண்டு லெக்; மொத்த கோல்தான் கணக்கு) துருக்கியின் டிராப்சோன்ஸ்போரை முதல் லெக்கில் 3-1 வென்று, வெளியே 0-1 தோற்று, முன்னேறினார்கள். 2008-இல் ஆஸ்திரியாவின் ராபிட் வியன்னாவுடன் 3-0, 1-3. கிரீஸின் ஒலிம்பியாகோஸுடன் 3-0, 0-1. மூன்று முறையும் ஒரே பாணி: முதல் லெக் சொந்த மண்ணில், அங்கேயே முடிந்தவரை வேலையை முடித்துவிடுவது.

இதில் 3-0 ஏன் 3-1-ஐவிட அவ்வளவு உசத்தி என்று பார். அப்போது அவே கோல் விதி இருந்தது: மொத்த கோல் சமமானால், வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி. 3-1 என்றால் எதிரணிக்கு மறு லெக்கில் 2-0 போதும். 3-0 என்றால் அங்கே நாம் ஒரு கோல் போட்டாலே அவர்கள் ஐந்து போடவேண்டும். 2021-இல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ அந்த விதியை எடுத்துவிட்டது. உன் போட்டி விதிகளில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடு.

அப்படித்தான் 2008-இல் அனோர்தோசிஸ், தகுதிச்சுற்றைத் தாண்டி நான்கு அணிகள் கொண்ட சாம்பியன்ஸ் லீக் குரூப் கட்டத்துக்குப் போன முதல் சைப்ரஸ் கிளப் ஆனது. பானதினைகோஸை 3-1 வென்றார்கள், இன்டருடன் 3-3. ஆனால் பிரேமனுக்கு எதிராக 2-0 முன்னிலையை விட்டு 2-2. ஆறு புள்ளிகளோடு கடைசி இடம். என்னைக் கேட்டால், குரூப்பில் அவர்களைக் கவிழ்த்தது அந்த ஒரு ஆட்டம்தான்.

வெற்றி வேலையைக் காப்பாற்றும் என்றும் நம்பாதே. 2009-இல், முன்பு தான் தோற்கடித்த ஒலிம்பியாகோஸுக்கே கோச்சாகி, அவர்களைக் குரூப்புக்குள் கொண்டுபோன கையோடு கெட்ஸ்பாயாவின் வேலை போனது. பிறகு ஜார்ஜியா தேசிய அணியின் கோச்சாக ஐந்து வருடம். 2011-இல் குரோவேஷியாவை 1-0 வென்றது உண்டு, 2014-இல் போலந்திடம் 0-4 தோற்று விலகியதும் உண்டு.

நீ களத்தில் இருக்கும்போது யாரை மாற்றுவது என்று முடிவெடுக்கப்போவது யார்? பெஞ்சில் இருக்கும் உதவியாளருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடு.

அம்மா