ராத்திரியில் வேன் ஓட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை. நான் எது அனுப்பினாலும் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புகிறாய். அதை வைத்துக்கொண்டு நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ராத்திரியில் வேன் ஓட்டாதே. பேஸ்பால் மாதிரியான இந்த சாஃப்ட்பாலுக்குக் காலேஜ் கோச் ஆனாலும் ஆனாய், வெளியூரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், மூன்றாவது பேஸ் பக்கத்தில் நாளெல்லாம் வெயிலில் நிற்கிறாய், அதற்குப் பிறகு நீயே ஸ்டியரிங் பிடிக்கிறாய். பின்னால் ஊரார் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். சின்ன காலேஜில் கோச்தான் டிரைவர், கோச்தான் மைதானத்துக்குக் கோடு போடுபவர் என்று நீ சொல்வாய். தெரியும். இருந்தாலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். சீசன் முடிந்ததே, கொஞ்சம் ஓய்வாக இருப்பாய் என்று நினைத்தால், கோடை முழுக்கப் புதுப் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகக் காரில் அலைகிறாயாம். தம்பி சொன்னான்.

உன் ஆட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தேன். கேமரா வலைக்குப் பின்னால் இருப்பதால் பாதி நேரம் கம்பிதான் தெரிகிறது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மழை பெய்ததே, அன்றைக்கு நீ குனிந்து ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தாய். தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பிறகு ஐந்தாவது இன்னிங்ஸிலேயே நீங்கள் எட்டு ரன் பின்தங்கிவிட்டீர்கள் என்று ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். நீ ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் கைவைத்துப் பேசினாய். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. அப்பா மட்டும், "பார், ஒருத்தியையும் விடாமல் பேசுகிறாள்" என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

உனக்கு நன்றாகப் பந்து வீசுகிற அந்தப் பிட்சர், காலேஜ் மாற விரும்புகிறவர்கள் பதிகிற போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு காலேஜுக்குப் போகிறாளாமே. அதை நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். நம் ஊர் ஓக்லஹோமா யுனிவர்சிட்டி சாஃப்ட்பால் கோச் பேட்டி கேஸோவுக்கே அது நடந்ததே! 2023-இல் 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த வருஷம் தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிட்சர் ஜோர்டி பால், ஜெயித்த கையோடு நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அவள் இல்லாமலே ஓக்லஹோமா மறுபடி ஜெயித்தது. தொடர்ந்து நான்கு முறை, வேறு யாரும் செய்யாதது.

இன்றைக்கு நார்மனில், அந்த யுனிவர்சிட்டி இருக்கிற ஊரில், நாலாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ரீவ்ஸ் பார்க் தெரியாது. 1995-இல் கேஸோ அம்மா கலிபோர்னியாவின் லாங் பீச் சிட்டி காலேஜிலிருந்து இங்கே வந்தபோது சொந்த மைதானம் கிடையாது. ஊர்ப் பொதுப் பூங்காவில்தான் ஆட்டம். 2000-இல் யு.சி.எல்.ஏ.வை 3-1 என்று வென்று முதல் கோப்பை. சரி, அதற்கப்புறம்? இரண்டாவது கோப்பைக்கு 2013 வரை காத்திருந்தார். நடுவில் 2012-இல் அலபாமாவிடம் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் போனது. பதிமூன்று வருஷம், பாப்பா. அதற்குள் அவரை யாராவது ராசியில்லாதவர் என்று சொல்லியிருந்தால் மீதி ஏழு கோப்பை யாருக்குப் போயிருக்கும்? 2025 ஜூனில்கூட டெக்சஸ் டெக்கிடம் 3-2 என்று அரையிறுதியில் தோற்றார்கள். அந்தம்மா வேலையை விட்டுவிட்டா போனார்?

நீ விடப்போகிறாய் என்று நான் சொல்லவில்லை. தம்பி ஏதோ ரெஸ்யூமே என்று ஆரம்பித்தான், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். கம்ப்யூட்டர் படித்திருந்தால் இந்நேரம் வீடு வாங்கியிருப்பாய் என்று முன்பெல்லாம் நான் சொன்னது உண்மைதான், இன்றைக்கும் எனக்கு அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் போன வாரம் கோயிலில் ஒரு அம்மாள், "உங்க பொண்ணு ஹெட் கோச்சாமே, எங்க பேத்திக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டபோது, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை. அந்தக் குழந்தையின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். பேசு. ஒன்பது வயதுதான், இடது கைக்காரி.

சம்பளம் போதவில்லை என்றால் சொல். இது கடன் இல்லை. தோற்றுவிட்டோம் என்று காலைச் சாப்பாட்டை விடாதே. கண் அசந்தால் வண்டியை ஓரம் கட்டு, மோட்டலில் தங்கு, காலேஜ் பணம் தராவிட்டால் ரசீதை அப்பாவுக்கு அனுப்பு. ராத்திரியில் ஓட்டாதே.

புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போட்டு வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். இப்போது இருக்கிற அட்ரசுக்கே அனுப்பட்டுமா? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
அம்மா