வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகள்: நோய் ஆதரவுச் சிகிச்சைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவ அலுவலர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பின், படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளியை வீட்டுக்கே வந்து பார்த்து, வலியையும் பிற துன்பங்களையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை முறை தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் வந்திருக்கிறது. அந்த வருகையில் நோயாளியின் தேவை என்னவென்று கேட்டறியும் சில நிமிடங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

பெரும்பாலும் பதில் சொல்பவர் மகனோ மருமகளோதான். "பரவாயில்லைங்க, நேத்து கொஞ்சம் தூங்கினாங்க" என்கிறார்கள். கட்டிலில் இருப்பவர் தலையாட்டுகிறார். நோயின் பெயரையே மறைத்து வைத்திருக்கும் வீட்டில், அதுவும் பிள்ளைகள் கடன்பட்டுச் செலவழித்த பிறகு, வலி தாங்கவில்லை என்று அவர்கள் எதிரிலேயே சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? கனடாவின் எட்மண்டன் நகரில் 1991இல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட அறிகுறி மதிப்பீட்டுப் படிவம், வலி, சோர்வு, குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், பதற்றம் முதலியவற்றை 0 முதல் 10 வரை நோயாளியையே அளந்து சொல்லச் சொல்கிறது. ஆகவே, உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, நோயாளியிடம் தனியே ஐந்து நிமிடம் பேசுவதை நடைமுறையாக்க வேண்டுகிறேன்.

அப்படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதேனும்' என்று ஓர் இடம் உண்டு. நான் உடன் சென்ற ஒரு வீட்டில், வாய்ப்புற்றுப் புண்ணின் நாற்றத்துக்கு அஞ்சி, பேரனைக் கிட்டே விடாமல் முந்தானையால் முகத்தை மூடியிருந்த அம்மாவுக்கு 'வலி 3' என்று மட்டும் எழுதப்பட்டது. அந்தக் கடைசி இடம் காலியாகவே இருந்தது. கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் வெகுவாகக் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கேட்காததால்தான் செய்யாமல் போயிற்று. மலச்சிக்கலை உண்டாக்கும் வலி மருந்தான மார்ஃபின் எடுப்பவரிடம் மலம் கழிந்ததா என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்பதும் அவ்வாறே அவசியம். கூச்சத்தால் அவர் தாமாகச் சொல்லமாட்டார். வயிறு உப்பினால் வலி மாத்திரையைத்தான் நிறுத்திவிடுவார்.

பராமரிப்பவருக்கென்றும் சில கேள்விகள் வேண்டும்: இரவில் விழித்திருப்பவர் யார், அவருக்கு மாற்றாள் உண்டா, வேலைக்குப் போகாததால் வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது? (முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் வீடுகளில் இக்கேள்வி மருந்தைவிடப் பயன்படக்கூடும்.)

கடைசியாக ஒன்று. வலி மருந்தின் அளவை மாற்றிவிட்டு, பலன் என்னவென்று அடுத்த வருகைவரை காத்திருந்து அறிவது நியாயமன்று. ஓரிரு நாளில் தொலைபேசியில் அழைத்து, முடிந்தவரை நோயாளியின் குரலிலேயே, 0 முதல் 10 வரையிலான அதே வலி அளவை மறுபடி கேட்டுக் குறிக்குமாறு செவிலியர்களுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள்; அந்த அழைப்புக்கான நேரத்தை அவர்களின் பணிப்பட்டியலிலும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டு வருகைகளில் உடன் செல்லும் தன்னார்வலர் ஒருவர்